மூத்தவனையும் இளையவனையும் மோதவிடுவது யார்?

வியாபாரம் மந்தம், உற்பத்தி குறைப்பு, ஆட்குறைப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் கூடவே இன்னொரு பேச்சும் எழுகிறது. அது முதலாளியின் வாயிலிருந்து வருவதில்லை. நம்மவர்களுடைய வாயிலிருந்தே வருகிறது. அதனால்தான் அது ஆபத்தானது.

ஐம்பது வயதுத் தொழிலாளி சொல்கிறார்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலையில் பற்று இல்லை. சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை. சந்தா கேட்டால் முகத்தைத் திருப்புகிறார்கள். ஒரு வருஷம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. நாங்கள் அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் வாங்கியதன் அருமை இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?"

இருபத்தைந்து வயது வாலிபர் சொல்கிறார்: "பெரியவர்களுக்கு நிரந்தரம் இருக்கிறது, கிராஜுட்டி இருக்கிறது. ஒரே வேலையை அவர்களும் செய்கிறார்கள், நாங்களும் செய்கிறோம். அவர்களுக்கு முழுச் சம்பளம், எங்களுக்குப் பாதி. கஷ்ட காலம் வந்தால் முதலில் வெளியே தள்ளுவதும் எங்களைத்தான். அவர்கள் நகர்ந்தால்தானே எங்களுக்கு இடம்?"

இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுகிறார்களே தவிர, தங்கள் இருவருக்கும் எதிரே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துப் பேசவில்லை. ஆலையில் ஆள் குறைப்பது யார்? பாதிச் சம்பளம் என்று நிர்ணயித்தது யார்? நிரந்தர இடத்தைக் காண்டிராக்ட் இடமாக மாற்றியது யார்? பெரியவரா? வாலிபரா? இருவரும் இல்லை.

தலைமுறைச் சண்டை என்று பெயர் சூட்டப்படும் இந்தச் சண்டை உண்மையில் வயதுச் சண்டை அல்ல. ஒரே வேலைக்கு இரண்டு விதமான வேலைச் சீட்டு கொடுத்ததால் வந்த சண்டை. இதைத்தான் நாம் இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

மூன்று தலைமுறை, மூன்று நிபந்தனை

காரைக்காலை எடுத்துக்கொள்வோம். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி இரண்டு லட்சம் பேர் வாழும் சிறு பிரதேசம். மூன்று பக்கம் தஞ்சைச் சீமை, ஒரு பக்கம் கடல். இங்கே திருநள்ளாற்றிலோ நெடுங்காட்டிலோ நிரவியிலோ ஒரு விவசாயத் தொழிலாளர் குடும்பத்தைப் பாருங்கள்.

பாட்டன் மிராசுதாரின் வயலில் உழைத்தவர். 1954 நவம்பர் 1-ம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை அவருக்குத் தலைக்கு மேலே பிரெஞ்சு சர்க்கார், கண்ணுக்கு முன்னே மிராசுதார். எல்லைக்கு அப்பால் தஞ்சை ஜில்லாவில் அதே பாட்டன்மார் செங்கொடிச் சங்கம் சேர்ந்து சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டினார்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை வாங்கினார்கள்.

தகப்பன் சிறிது படித்தவர். மில் வேலைக்குப் போனார். புதுச்சேரிப் பஞ்சாலைகளும், காரைக்காலில் ஜெயப்பிரகாஷ் நாராயண் பெயரில் எழுந்த கூட்டுறவு நூற்பாலையும் அந்தத் தலைமுறைக்கு ஒரு புதிய விஷயத்தைக் காட்டின. மாதச் சம்பளம், பஞ்சப்படி, போனஸ், பிராவிடண்டு பண்டு. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அடுப்பு எரியும் என்ற நிம்மதி.

மகன் தகப்பனைவிட அதிகம் படித்தவர். ஐ.டி.ஐ. முடித்தவர், டிப்ளமா முடித்தவர், பட்டம் பெற்றவரும் உண்டு. ஆனால் அவர் கைக்குக் கிடைத்தது ஏஜெண்டு மூலம் வேலை. திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட். தொழிற்சாலையில் ஆறு மாதக் காண்டிராக்ட், அது முடிந்ததும் இன்னொரு ஆறு மாதம். வளைகுடா நாட்டுக்குப் போனால் இரண்டு வருஷ விசா.

பாட்டனுக்கு அடிமை நிபந்தனை. தகப்பனுக்கு நிரந்தர நிபந்தனை. மகனுக்கு நாள் குறித்த நிபந்தனை. இந்த மூவரின் குணம் வேறுபடுகிறது என்றால் அதில் ஆச்சரியம் என்ன? ஆறு மாதத்தில் வெளியே போகப்போகும் வாலிபர், பத்து வருஷத்துக்குப் பிறகு வரும் பலனுக்காக எப்படிச் சங்கத்துக்குச் சந்தா கட்டுவார்? அவருக்குப் பற்று இல்லை என்று குறை சொல்வதற்கு முன், பற்று வைக்கும்படி அவருக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டாமா?

நெருக்கடி வரும் வழி

நல்ல காலத்தில் இந்த வித்தியாசம் வெளியே தெரிவதில்லை. வேலை இருக்கும்வரை பெரியவரும் வாலிபரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள். மந்தம் வந்தவுடன்தான் விரிசல் தெரிகிறது.

நம் பகுதிக்கு மந்தம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, தண்ணீர். காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் திருமலைராஜனாற்றிலும் வருவது மேலே உள்ளவர்கள் எல்லோரும் பாய்ச்சிய பிறகு மிஞ்சும் தண்ணீர். காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிப் பிரதேசத்துக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி. காகிதத்தில் இருக்கும் தண்ணீர் வாய்க்காலில் இருந்தாக வேண்டுமே! 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் தொடர்ந்து மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ம் தேதி திறக்கப்படவில்லை. 2016-ல் செப்டம்பர் 20-ல் திறந்தார்கள், 2017-ல் அக்டோபர் 2-ல். மேட்டூரை நம்பியிருந்த வயலில் குறுவை போயிற்று என்றால் நடவுக் கூலி போயிற்று, களையெடுப்புக் கூலி போயிற்று, அறுப்புக் கூலியும் போயிற்று என்று அர்த்தம்.

இரண்டாவது, துணிச் சந்தை. எங்கோ ஒரு தேசம் உத்தரவு போட்டால் நம் ஊர்ப் பிள்ளையின் ஷிப்ட் குறைகிறது. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது பார்த்தோம். 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியச் சரக்கின் மீது அமெரிக்கா 50 சதவீதச் சுங்கவரி போட்டபோதும் பார்த்தோம். ஆர்டர் நின்றால் முதலில் நிற்பது யாருடைய வேலை? பீஸ் ரேட்காரரின் வேலை. மஸ்டர் ரோலில் பெயர் இல்லாதவருக்கு நோட்டீசும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது. "தம்பி, கூப்பிடும்போது வா" என்ற ஒரு வார்த்தைதான்.

அந்தத் தம்பி ஊருக்குத் திரும்புகிறார். ஊரிலோ குறுவை இல்லை. தகப்பனின் ஆலையில் லே-ஆப். வீட்டுக்குள்ளேயே இரண்டு தலைமுறை வேலையின்றி எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறது. வாய்ச்சண்டை மூளாமல் என்ன செய்யும்?

"கடைசியில் வந்தவர் முதலில்"

ஆட்குறைப்பு என்றால் யாரை முதலில் அனுப்புவது என்ற கேள்வி வரும். 1953-ல் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்த்த ஷரத்து இதற்கு ஒரு விதி வைத்தது. ஒரு பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரையே சாதாரணமாக முதலில் குறைக்க வேண்டும். வேறு விதமாகச் செய்தால் அதற்குக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். திரும்ப ஆள் எடுக்கும்போது குறைக்கப்பட்டவரைக் கூப்பிட வேண்டும். லே-ஆப் காலத்துக்குப் பாதிச் சம்பளம் என்பதும் அப்போது வந்ததுதான்.

வாலிபர்களுக்கு இந்த விதி அநியாயமாகத் தோன்றுகிறது. "கடைசியில் வந்தது எங்கள் குற்றமா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இந்த விதி ஏன் வந்தது என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த விதி இல்லாத காலத்தில் முதலாளி யாரை அனுப்பினான்? சங்கம் வைத்தவரை அனுப்பினான். மேஸ்திரிக்குக் கும்பிடு போடாதவரை அனுப்பினான். நோயாளியை அனுப்பினான். கர்ப்பிணியை அனுப்பினான். நாற்பது வயது தாண்டி வேகம் குறைந்தவரை அனுப்பினான். "திறமை இல்லை" என்று ஒரே வார்த்தையில் கணக்கை முடித்தான். யாரை வேண்டுமானாலும் பொறுக்கி எடுத்து எறியும் அந்த அதிகாரத்தைக் கட்டிப்போட எழுந்த வேலிதான் இந்த விதி. அது வாலிபருக்கு எதிராகப் போட்ட வேலி அல்ல. இன்றைய வாலிபர் நாளைக்கு நாற்பத்தைந்து வயதில் நிற்கும்போது அவரையும் காக்க வேண்டிய வேலி.

ஆனால் பெரியவர்களும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலி இருக்கிறது, உள்ளே இருந்த நிலம் கரைந்துகொண்டே போகிறது. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் "கடைசியில் வந்தவர் முதலில்" என்ற விதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே தொகுப்பு, நாள் குறித்து எடுத்த தொழிலாளியின் காலம் முடிந்து அனுப்புவதை ஆட்குறைப்பு என்றே கணக்கில் எடுப்பதில்லை. நோட்டீசு வேண்டாம், ஆட்குறைப்பு நஷ்டஈடு வேண்டாம். ஆட்குறைப்புக்கு முன் சர்க்காரின் அனுமதி வாங்க வேண்டிய ஆலைகளின் அளவையும் 100 தொழிலாளியிலிருந்து 300 ஆக உயர்த்திவிட்டது. திரும்ப எடுக்கும்போது பழையவரைக் கூப்பிட வேண்டும் என்ற உரிமைக்கும் ஒரு வருஷக் கெடு வைத்துவிட்டது.

இதன் அர்த்தம் என்ன? இனி வருகிறவர்கள் எல்லோரும் நாள் குறித்தே வருவார்கள் என்றால், பத்து வருஷத்தில் ஆலையில் சீனியாரிட்டிப் பட்டியலே இருக்காது. பட்டியல் இல்லாத இடத்தில் விதி யாரைக் காக்கும்?

பெரியவர் போனால் இடம் வருமா?

வாலிபர்களிடம் இன்னொரு கேள்வியைக் கேட்கிறோம். பெரியவர் நகர்ந்தால் எனக்கு இடம் என்கிறீர்களே, எந்த ஆலையில் அப்படி நடந்தது?

"விருப்ப ஓய்வு" என்று ஒரு திட்டம் கொண்டு வருகிறார்கள். பெயர்தான் விருப்பம். மாதக்கணக்கில் சம்பளம் போடாமல் இழுத்தடித்து, கடன்காரன் வாசலில் நிற்கும் சமயம் பார்த்து, "கையெழுத்துப் போடு, மொத்தமாகப் பணம்" என்று காகிதத்தை நீட்டுவது விருப்பமா? மகள் கல்யாணம், வீட்டுக் கடன், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் சேர்ந்து அந்தக் கையெழுத்தைப் போடவைக்கின்றன. போட்டவரை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தக் கையெழுத்தால் நடப்பது என்ன என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் வீட்டுக்குப் போகிறார். அவரோடு அந்த நிரந்தர இடமும் போகிறது. அந்த இடத்துக்கு இன்னொரு நிரந்தரத் தொழிலாளி வருவதில்லை. அதே மெஷினில் காண்டிராக்ட் பையன் ஒருவர் வந்து நிற்கிறார். இரண்டு சைடு பார்த்த இடத்தில் மூன்று சைடு பார்க்கிறார்.

நிரந்தர வேலை என்பது பெரியவரின் சொந்தச் சொத்து அல்ல. அது முந்தின தலைமுறை ரத்தம் சிந்தி வாங்கியது. பிந்தின தலைமுறைக்கு ஒப்படைக்க வேண்டியது. நடுவில் இருப்பவர் அதற்குக் காவல்காரர். குளத்து மீனை ஏலம் விடலாம், குளத்தையே விற்றுவிட்டால் நாளைக்கு ஊர் எங்கே தண்ணீர் மொள்ளும்?

புதுச்சேரியில் நடந்ததைப் பாருங்கள். 1898-ல் தோன்றிய ரோடியர் மில், பிற்காலத்து ஏ.எப்.டி. ஆலை, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 1980-களில் அது நொடித்தபோது தொழிலாளிகளின் போராட்டத்தால் புதுச்சேரி சர்க்கார் அதை ஏற்று நடத்தியது. பிறகு ஆள் குறைந்துகொண்டே வந்தது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் மெஷின்களைச் சேதப்படுத்தியது. அதன் பின் ஆலை எழுந்து நிற்கவில்லை. லே-ஆப்பில் பாதிச் சம்பளத்தோடு வருஷங்கள் போயின. 2020 ஏப்ரல் 30-ல் ஆலை மூடப்பட்டது. பெரியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். வாலிபர்களுக்கு இடம் வந்ததா? பூட்டின கதவுதான் வந்தது.

பெரியவரின் இடம் காலியாவது வேறு, அந்த இடமே ஒழிவது வேறு. முதலாளிமார் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைக் காட்டி வாலிபர்களுக்கு ஆசை காட்டுகிறார்கள்.

வெளிநாட்டுப் பாடம் இரண்டு

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்க மோட்டார்த் தொழிலாளர்களுக்கு 2007-ல் ஓர் ஒப்பந்தம் வந்தது. கம்பெனிகள் நெருக்கடி என்றன. இருக்கிறவர்களின் சம்பளத்தில் கை வைக்க மாட்டோம், இனிமேல் சேருகிறவர்களுக்கு மட்டும் ஏறக்குறைய பாதிச் சம்பளம் என்றன. ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. ஏன்? வெட்டு விழுந்தது இன்னும் வேலைக்கு வராதவர்களின் தலையில். வராதவர் எப்படி எதிர்த்து ஓட்டுப் போடுவார்? பிறகு நடந்தது என்ன? ஒரே வரிசையில் ஒரே போல்ட்டை முடுக்கும் இருவருக்கு இரண்டு சம்பளம். இளையவர் பெரியவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். சங்கம் பலவீனப்பட்டது. முடிவில் 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கி ஆறு வாரம் மூன்று பெரிய கம்பெனிகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்துதான் அந்த இரட்டைச் சம்பளத்தின் பெரும்பகுதியை ஒழிக்க முடிந்தது. ஒரு நாள் கையெழுத்தை அழிக்கப் பதினாறு வருஷம்!

இன்னொரு பாடம் காரைக்காலுக்கு நெருக்கமான பிரான்சிலிருந்து. நம் ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பாரிசில் உறவு உண்டு. அங்கே 2006-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். 26 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு எடுத்தால் முதல் இரண்டு வருஷத்தில் காரணம் சொல்லாமலே அனுப்பலாம் என்றது அது. "வாலிபர்களுக்கு வேலை கிடைக்க இதுவே வழி" என்று சர்க்கார் சொன்னது. அங்கே மூத்த தொழிலாளிகள் என்ன செய்தார்கள்? சட்டம் தங்களைத் தொடவில்லை என்று சும்மா இருந்தார்களா? இல்லை. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் பக்கத்தில் தகப்பன் வயதுத் தொழிலாளிகளும் சங்கங்களும் இறங்கினார்கள். லட்சக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். 2006 ஏப்ரல் 10-ல் சர்க்கார் அந்தச் சட்டத்தைக் கைவிட்டது.

முதல் இடத்தில் பெரியவர்கள் இளையவர்களை விட்டுக்கொடுத்தார்கள், இருவரும் நஷ்டப்பட்டார்கள். இரண்டாம் இடத்தில் கைகோத்தார்கள், இருவரும் நிமிர்ந்தார்கள். கணக்கு இவ்வளவுதான்.

1936-ன் கணக்கு

நம் கணக்கும் அதுதான். 1929-ல் உலகச் சந்தை சரிந்த பிறகு வந்த பெருமந்தத்தில் புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளி பட்ட பாடு கொஞ்சமல்ல. நீண்ட நேர வேலை, அற்பக் கூலி. ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் ஒரே ஆலையில் வாடினார்கள். தோழர் வ. சுப்பையா தலைமையில் சங்கம் எழுந்தது. 1936 ஜூலை 30-ல் சவானா மில்லில் பிரெஞ்சு சர்க்கார் துப்பாக்கிச் சூடு நடத்தியது. 12 தொழிலாளிகள் மாண்டார்கள். 1937-ல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று.

அந்தச் சட்டம் சீனியாரிட்டி பார்த்து வந்ததா? பழைய ஆளுக்கு எட்டு மணி, புது ஆளுக்குப் பன்னிரண்டு மணி என்று யாராவது ஒப்பந்தம் செய்திருந்தால் அன்றே சங்கம் செத்திருக்கும். எல்லோருக்கும் எட்டு மணி என்று கேட்டதால்தான் எல்லோரும் நின்றார்கள். எல்லோரும் நின்றதால்தான் கிடைத்தது. வருஷந்தோறும் ஜூலை 30-ல் மாலை போடுகிறோம். மாலையோடு இந்தக் கணக்கையும் நினைக்க வேண்டும்.

வயலிலும் இதே கதை

இதைப் படிக்கும் விவசாயத் தொழிலாளிகள், "இது மில்காரர்கள் விவகாரம்" என்று நினைக்கக் கூடாது.

வயலிலும் இன்று இரண்டு தலைமுறை இரண்டு பக்கம் நிற்கிறது. நடவு வயலில் குனிந்து நிற்பவர்கள் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது தாண்டிய பெண்கள். வாலிபர்கள் சேற்றில் இறங்க விரும்புவதில்லை. அதற்காக அவர்களைச் சோம்பேறி என்று சொல்லலாமா? வருஷத்தில் சில வாரம் மட்டும் வேலை தரும் வயலை நம்பி எவர் கல்யாணம் செய்வார்? அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டது. முன்பு ஊரே இறங்கி அறுத்த வயலை மெஷின் சில மணி நேரத்தில் அறுத்துப் போகிறது. மெஷினின் மீது நமக்குக் கோபம் இல்லை. முதுகு ஒடியும் வேலை குறைவது நல்லதே. ஆனால் குறைந்த வேலைக்கு ஈடு யார் கொடுத்தது?

வேலை இல்லாத மாதங்களுக்கு 2005-ம் வருஷத்துச் சட்டம் நூறு நாள் வேலை என்றது. அதில் போய் நின்றவர்களும் பெரும்பாலும் வயதான பெண்கள்தான். "மரத்தடியில் உட்கார்ந்து கூலி வாங்குகிறார்கள்" என்று மிராசுதார் மட்டுமல்ல, நம் வீட்டுப் பிள்ளைகளே கேலி செய்தார்கள். அந்த நூறு நாள் இருந்ததால்தான் நடவுக் கூலியைக் கொஞ்சமாவது உயர்த்திக் கேட்க முடிந்தது என்பதை அந்தப் பிள்ளைகள் கவனிக்கவில்லை. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 டிசம்பரில் வேறு சட்டம் நிறைவேறியது. 125 நாள் என்கிறது. ஆனால் விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி வைத்திருக்கிறது. கூலி கேட்கத் தோது உள்ள நாளில் பிடிமானத்தை எடுத்துவிடும் வழி இது. நஷ்டம் சின்னம்மாவுக்கு மட்டுமா? திருப்பூரில் வேலை நின்று ஊர் திரும்பி, வயலில் கூலிக்கு நிற்கும் தம்பிக்கும்தான்.

காரைக்காலிலிருந்து வெண்மணி தூரத்தில் இல்லை. 1968 டிசம்பர் 25-ல் அங்கே கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். அந்தக் குடிசையில் கிழவர்களும் இருந்தார்கள், தாய்மாரும் இருந்தார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். நெருப்பு வயது கேட்கவில்லை. மிராசுதாரின் கண்ணில் அவர்கள் அனைவரும் ஒன்று. நம் கண்ணில் மட்டும் நாம் இரண்டா?

என்ன செய்ய வேண்டும்?

ஒற்றுமை என்று சொல்வது சுலபம். ஒற்றுமைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை இருவரும் கொடுக்க வேண்டும். யார் எதைக் கொடுப்பது என்று வெளிப்படையாகப் பேசுவோம்.

முதலாவது, பெரியவர்கள். வேலை குறையும்போது ஆளைக் குறைக்காதே, நேரத்தைக் குறை, அந்தக் குறைவை நிரந்தரம், பதிலி, காண்டிராக்ட் என்று பாராமல் எல்லோரும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறோம் என்று சங்கம் கேட்க வேண்டும். இதனால் நிரந்தரத் தொழிலாளிக்கு மாதத்தில் சில நாள் சம்பளம் குறையும். கஷ்டம்தான். ஆனால் இன்று பத்து வாலிபர்கள் வெளியே போனால், நாளை வேலைநிறுத்தத்தின்போது அந்தப் பத்துப் பேர் கேட்டுக்கு எந்தப் பக்கம் நிற்பார்கள்? அதையும் கணக்கில் எடுங்கள்.

இரண்டாவது, வாரிசு வேலைக்காக வாய் மூடும் பழக்கம். "என் மகனுக்கு ஓர் இடம் கொடுங்கள், நான் பேசாமல் போகிறேன்" என்று தனித்தனியே நிர்வாகத்திடம் போவது நிற்க வேண்டும். ஒரு மகனுக்கு இடம் வாங்க நூறு மகன்களின் இடத்தை விட்டுக்கொடுப்பது தகப்பன் செய்யும் காரியம் அல்ல. காலியாகும் ஒவ்வொரு நிரந்தர இடமும் நிரந்தர இடமாகவே நிரப்பப்பட வேண்டும் என்பதே எந்த ஓய்வு ஒப்பந்தத்திலும் முதல் ஷரத்தாக இருக்கட்டும். பணம் இரண்டாவது ஷரத்து.

மூன்றாவது, ஒரே வேலைக்கு ஒரே கூலி. நாள் குறித்து எடுத்தவருக்கும் அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்குக் குறையாத சம்பளம் என்று புதிய சட்டத் தொகுப்பே சொல்கிறது. ஒரு வருஷம் முடித்தால் கிராஜுட்டி உண்டு என்றும் சொல்கிறது. சர்க்கார் வேலையில் உள்ள தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று 2016 அக்டோபர் 26-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. எழுத்தில் இருப்பதைக் கைக்குக் கொண்டு வருவது யார் வேலை? கோர்ட்டு வாசல் தெரிந்த, சட்டம் தெரிந்த பெரியவர்களின் வேலை. மலிவான கை என்று ஒன்று இல்லாமற் போனால் பெரியவரைத் துரத்த முதலாளிக்கு என்ன லாபம்? இளையவரின் கூலி உயர்வதுதான் பெரியவரின் வேலைக்குப் பாதுகாப்பு.

நான்காவது, வாலிபர்கள். சங்கம் எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று தூர நின்று சொன்னால் சங்கம் என்றைக்கும் செய்யாது. உள்ளே வாருங்கள். கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். உங்களுக்குப் படிப்பு இருக்கிறது. சட்டத்தைப் படிக்கவும், கணக்கைச் சரிபார்க்கவும், பி.எப். பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்று போனிலேயே பார்க்கவும் உங்களால் முடியும். எத்தனையோ பெரியவர்களுக்கு அது முடியாது. அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. மேஸ்திரியின் மிரட்டலுக்கு எப்படி நிற்பது, பேச்சுவார்த்தையில் எதை விடுவது, எதை விடாமல் பிடிப்பது என்பது புத்தகத்தில் கிடைக்காது. இரண்டையும் சேருங்கள்.

ஐந்தாவது, சங்கங்கள். பதிலித் தொழிலாளிக்கும் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் உறுப்பினர் சீட்டும், நிர்வாகக் கமிட்டியில் இடமும் கொடுக்க வேண்டும். திருப்பூர் போய்த் திரும்பும் பிள்ளைகளை விவசாயத் தொழிலாளர் சங்கம் தேடிப் போய்ச் சேர்க்க வேண்டும். மேற்கு வங்கத்திலிருந்து வந்து நம் வயலில் நடவு நடுகிறவர்களையும் பகையாகப் பார்க்கக் கூடாது. திருப்பூரில் நம் பிள்ளை எப்படியோ, இங்கே அவர்கள் அப்படி.

தோழர்களே!

மந்தம் வரும், போகும். அது நம் கையில் இல்லை. மந்தத்தின் பாரம் யார் தலையில் இறங்குவது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. பெரியவரும் வாலிபரும் ஒருவரையொருவர் கையைக் காட்டி நின்றால் பாரம் முழுவதும் இருவர் தலையிலும் இறங்கும். லாபக் காலத்தில் பங்கு கொடுக்காதவர்கள் நஷ்டக் காலத்தில் மட்டும் பங்கு கேட்கிறார்களே என்று இருவரும் சேர்ந்து கேட்டால் கணக்கு மாறும்.

பெரியவர்களே, உங்கள் பக்கத்தில் நிற்கும் பையன் உங்கள் இடத்தைப் பறிக்க வந்தவர் அல்லர். உங்களுக்குப் பிறகு அந்த இடத்தைக் காக்க வேண்டியவர். வாலிபர்களே, உங்களுக்கு முன்னால் நிற்கும் பெரியவர் உங்கள் வழியை மறிப்பவர் அல்லர். அவர் நிற்பதால்தான் "நிரந்தரம்" என்ற வார்த்தை இன்னும் ஆலையில் உயிரோடிருக்கிறது.

அடுத்த சங்கக் கூட்டத்துக்குத் தகப்பன் மகனையும், மகன் தகப்பனையும் அழைத்துப் போகட்டும். ஒரே கோரிக்கைத் தாளில் இருவரும் கையெழுத்துப் போடட்டும். நிர்வாகம் பதில் சொல்ல வேண்டியது அந்தத் தாளுக்குத்தான்.